விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வர நினைக்கும் மங்களூர்வாசிகளுக்கு

இந்த வழிகாட்டி கடலூர் மாவட்டத்து மங்களூருக்கானது. துறைமுகம் உள்ள மங்களூர் கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே இன்ஜினியரிங் கல்லூரிகள் ஏராளம், நம் யோசனை அவர்களுக்குத் தேவைப்படாது. நம்முடையது திட்டக்குடி, வேப்பூர் பக்கத்து மக்காச்சோளக் காடு. நம் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அதுவும் போய்த் திட்டக்குடி ஆகிவிட்டது. ஊராட்சி ஒன்றியம் மட்டும் மிச்சம். ஆகவே ஆன்லைனில் எஸ்எஸ்டி ஆர்டர் போடுகிறவர்கள் பின்கோடை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருவோம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவுசெய்யலாம். அதுவும் 2026 அக்டோபரோடு சரி. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும், 4 ஜிபி ரேம் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசஸராவது வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. நம் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலும் உரக்கடையிலும் ஓடும் மெஷின்கள் பல, மூன்றாம் நான்காம் தலைமுறையோடு படிப்பை நிறுத்தியவை.

இதைக் கேட்டதும் பதற வேண்டும் என்பது சம்பிரதாயம். நீங்கள் பதற மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் விண்டோஸ் சர்வீஸ் கடை அண்ணன் முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தது. ஏதோ ஓர் ஆக்டிவேட்டரால் உயிர் பெற்றது. அப்டேட்டை அவரே அணைத்தும் வைத்திருப்பார். வந்தே இராத அப்டேட் இனி வராது என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் மெஷின் ஆமையாகிவிட்டது, விளம்பரம் தானாகத் திறக்கிறது, மச்சான் மகன் வேறு “லினக்ஸ் போடு மாமா, ராக்கெட் மாதிரி போகும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். சரி, போட்டுவிடுவோம்.

குற்றவாளியை முதலில் முடிவு செய்யுங்கள்

மெஷின் மெதுவாவதற்கு விண்டோஸ்தான் காரணம் என்று அடித்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஏதாவதொரு பீங்கான் பட்டறையில் பில் போடும் கணினியைத் திறந்து பார்த்தால் இந்த விஷயம் விளங்கும். அங்கே அகல்விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர் எல்லாம் அச்சில் வார்த்துக் காயவைத்து, பிசிறைச் சுரண்டித்தான் சூளைக்கு அனுப்புகிறார்கள். சுரண்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசி கணினிக்கும் கொஞ்சம் வரும். பிராசஸர் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கு அத்தனையும் மாவு அப்பியது போல அடைந்து, விசிறி சுற்றும், காற்று போகாது. சூடு ஏறினால் பிராசஸர் கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த மெஷினில் பில் கேட்ஸ் வந்து உட்கார்ந்தாலும் லினஸ் டோர்வால்ட்ஸ் வந்து உட்கார்ந்தாலும் வேகம் ஒன்றுதான். நம் ஊரில் பீங்கான் இல்லை, மக்காச்சோளத் தூசி இருக்கிறது. ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும்.

அப்படியே பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்எஸ்டி மாட்டுங்கள். லினக்ஸ் ஆர்வலர்கள் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்: ‘லினக்ஸ் போட்டதும் பறக்குது’ என்று சொல்லும் பலர் அன்றைக்கே எஸ்எஸ்டியும் மாட்டியவர்கள்.

எந்த லினக்ஸ்?

இந்தக் கேள்வியை நாலு பேரிடம் கேட்காதீர்கள். நாலு பேரும் ஐந்து பெயர் சொல்வார்கள். ஆர்ச் போடு என்பவர் உங்கள் நண்பர் அல்ல, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஒரு மெஷின் தேடுகிறவர்.

குலமுறை கிளத்தினால் குழப்பம் தீரும். டோர்வால்ட்ஸ் 1991ல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது எழுதியது கெர்னல் என்ற அடிப்பகுதி மட்டும். அதைச் சுற்றி மற்றதைச் சேர்த்து ஆளுக்கொரு பொட்டலம் கட்டினார்கள், அதற்குப் பெயர் டிஸ்ட்ரோ. டெபியன் 1993ல் வந்தது. டெபியனிலிருந்து உபுண்டு 2004ல் பிரிந்தது. ஒருகாலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக சிடி அனுப்பினார்கள், 2011ல் அதை நிறுத்திக்கொண்டார்கள். உபுண்டுவிலிருந்து 2006ல் மின்ட் வந்தது. நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் கட்டிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். 2023ல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்கு அறிவித்த மாயா, உபுண்டு வழி. ஆக, நீங்கள் கேள்விப்படும் சண்டைகளில் பெரும்பாலானவை பங்காளிச் சண்டை. உள்ளே போகாதீர்கள்.

மின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பட்டி, இடது மூலையில் மெனு, பழகிய இடத்தில் பழகிய பொருள். 4 ஜிபி ரேம் உள்ள மெஷினுக்கு அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதைவிடவும் ஏழை மெஷின் என்றால் எம்எக்ஸ் அல்லது லுபுண்டு. 32 பிட் மெஷின் என்றால் வாய்ப்பு குறுகிவிட்டது. 2025ல் வந்த டெபியன் 13 கூட 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவுவதைக் கைவிட்டுவிட்டது. தேர்வு முடிந்தது. மிச்சமிருக்கும் நேரத்தை டெஸ்க்டாப் படம் மாற்றுவதில் செலவிடலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இறக்குதல், எழுதுதல், பார்த்தல்

மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. உங்கள் செல்போன் பேக் தினம் ஒன்றரை ஜிபி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு மணி தாண்டிப் புதிய ஒன்றரை ஜிபி விழுந்ததும் அதே மூச்சில் முடிப்பது நம் வட்டாரத்து உத்தி. பிரவுசரில் நேராக இறக்கினால் பாதியில் அறுந்து முதலிலிருந்து தொடங்கும் அபாயம் உண்டு. டாரன்ட் வழியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். சினிமாவுக்கு மட்டும் பயன்படும் என்று நீங்கள் நினைத்திருந்த டாரன்ட்டுக்கு இப்படி ஒரு யோக்கியமான வேலையும் இருக்கிறது.

ஃபைலை 8 ஜிபி பென் டிரைவில் அப்படியே காப்பி செய்து போட்டால் வேலைக்காகாது. ரூஃபஸ், வென்டாய் போன்ற சிறு மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் இருந்ததெல்லாம் போய்விடும். அதில் அக்கா கல்யாண வீடியோ இருக்கிறதா என்று முன்பே பார்ப்பது நல்லது. பின்பு பார்ப்பதுதான் வழக்கம்.

மெஷினை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்2, எஸ்கேப், டிலீட் என்று இருக்கிற சாவிகளை எல்லாம் படபடவென்று தட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி சாவி வேறு. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் எதையும் நிறுவாமலே லினக்ஸ் திரையில் வந்து நிற்கும். இந்த இடத்தில் நில்லுங்கள். மொத்த வழிகாட்டியிலும் நான் சிரிக்காமல் சொல்வது இது ஒன்றுதான். வைஃபை எடுக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டரைச் செருகினால் பெயர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிறுவுவதற்கு முன்பே எல்லாவற்றையும் இலவசமாகச் சோதிக்க விடும் பொருள் கடைத்தெருவில் வேறு எதுவும் கிடையாது. இதைச் செய்யாமல் நேரே நிறுவிவிட்டு, “லினக்ஸ்ல வைஃபை வராதுப்பா” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது வாடிக்கை.

நிறுவும் நாள்

பேப்பரில் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புப் பணி உள்ள நாளில், பேட்டரி செத்த யுபிஎஸ்ஸை நம்பி ஆரம்பிக்க வேண்டாம்.

நிறுவும்போது சில கேள்விகள் வரும். விசைப்பலகை எது என்று கேட்டால் தமிழ்ப்பற்று பொங்கித் தமிழைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாஸ்வேர்டையும் தமிழில் அடித்துவைப்பீர்கள்; அடுத்த முறை நுழைவுத் திரையில் அதே விசைப்பலகை வராவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டும். ஆங்கிலம் போதும், தமிழைப் பிறகு சேர்க்கலாம். நேரப் பகுதி எது என்ற கேள்விக்கு வரைபடத்தில் சென்னையைத் தேடி அலைய வேண்டாம். இந்தியா முழுக்க அங்கே கொல்கத்தா ஒன்றுதான்.

அடுத்து முக்கியமான இடம்: டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டு நிறுவவா, விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவவா? வீரம் முதலாவதைச் சொல்லும். பீங்கான் பட்டறைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூளை ஏறிய மண் திரும்ப மண்ணாவதில்லை. போட்டோ, டேலி டேட்டா, பத்திரம் ஸ்கேன் செய்தது எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு மட்டும் வீரத்தைக் காட்டுங்கள். புது லேப்டாப் என்றால் விண்டோஸ் தானாகவே பிட்லாக்கர் பூட்டு போட்டு வைத்திருக்கக்கூடும். அதன் மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் பார்ட்டிஷனில் கை வைத்தால், விண்டோஸ் உங்களையே திருடன் என்று நினைத்துச் சாவி கேட்கும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு வேடிக்கை நடக்கலாம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது கிரீன்விச் நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், நம்மூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் கோளாறு. ஒரு கட்டளையில் சரியாகிவிடும். அதுவரை ராகு காலம் பார்த்துக் கடை திறப்பவர்கள் சுவர்க் கடிகாரத்தை நம்பவும்.

கட்டளை என்றதும் ஒன்று. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அடித்தால்தான் லினக்ஸ் என்பது பழைய பயம். வீட்டு உபயோகத்துக்கு அந்தத் திரையைத் திறக்காமலே காலம் தள்ளலாம். திறக்க வேண்டி வந்தால், ‘சுடோ’ என்று ஆரம்பிக்கும் வரி நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். யாரோ எங்கோ சொன்ன வரியை அர்த்தம் தெரியாமல் ஒட்டுவது, கையெழுத்துப் போட்ட வெற்றுப் பாண்டு பத்திரத்தை நீட்டும் காரியம்.

தமிழ் எங்கே போயிற்று?

லினக்ஸில் யூனிகோடு தமிழ் பிறந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிப்பு முறை என எல்லாம் வரிசையாக நிற்கும். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் உங்கள் கடையில் இருப்பது யூனிகோடு அல்ல. பாமினியில் அடித்த கிரையப் பத்திர மாதிரி, வானவில்லில் அடித்த மனு, பத்து வருடக் காதுகுத்துப் பத்திரிகை. அவற்றை லினக்ஸோடு வரும் லிபரே ஆஃபீசில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டதென்று அலறாதீர்கள். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். விண்டோஸை அழிக்கும் முன் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து உங்களுக்கு உரிமையுள்ளவற்றை எடுத்து வைத்து லினக்ஸில் சேர்த்தால் பழையபடி தெரியும். இந்த ஒரு வேலையை மறந்ததால் லினக்ஸுக்குத் தமிழ் வராது என்று கெட்ட பெயர் வந்திருக்கிறது.

இனி உண்மையான தொல்லை

சர்வீஸ் கடையில் போய் லினக்ஸ் என்று சொல்லிப் பாருங்கள். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிமிர்ந்து, “அதுல டேலி ஓடுமா தம்பி?” என்று கேட்பார். அவர் கேட்டதில் தத்துவம் இல்லை, ஆனால் இந்த விவகாரத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சரியானது அதுதான். டேலி பிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. ஃபோட்டோஷாப் விண்டோஸுக்கும் மேக்குக்கும். ஃப்ளெக்ஸ் கடைக்கு உயிர்நாடியான கோரல்டிராவும் அப்படியே. இதில் ஒரு பழைய ஏக்கம் உண்டு: கோரல் நிறுவனம் 1999ல் சொந்தமாக ஒரு லினக்ஸே வெளியிட்டது, 2000ல் கோரல்டிரா 9ஐ லினக்ஸுக்குக் கொண்டும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 135 மில்லியன் டாலரைக் கோரலில் முதலீடு செய்தது. அடுத்த ஆண்டு லினக்ஸ் பிரிவைக் கோரல் விற்றுவிட்டது. அன்றைக்கு வேறு மாதிரி நடந்திருந்தால், தொழுதூர் சாலையில் தொங்கும் காதுகுத்து பேனர்கள் லினக்ஸில் பிறந்திருக்கும்.

நம் பாடநூலும் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2018ல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆஃபீஸும் உண்டு. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் பேஜ்மேக்கர். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001ல். உபுண்டுவுக்கு அது வந்ததே இல்லை. பிள்ளை பதினொன்றில் கற்றதைப் பன்னிரண்டில் மூடி வைக்க வேண்டும்.

பிரிண்டர் தனிக் கதை. எச்பி மாடல்கள் பலவும் செருகியதுமே எடுக்கும். வைஃபையில் இணையும் புது பிரிண்டர்களுக்குப் பெரும்பாலும் டிரைவரே வேண்டாம். ஜெராக்ஸ் கடைதோறும் இருக்கும் கேனான் எல்பிபி 2900 மட்டும் கேப்ட் என்ற தன் சொந்த பாஷையில்தான் பேசும். அதற்கான லினக்ஸ் டிரைவரோடு மல்லுக்கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கைரேகைக் கருவி வைத்து இ-சேவை நடத்துபவர்கள், கருவி விற்றவரிடம் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று கேட்டுவிட்டு மேலே படிக்கவும். வருமான வரிக்கான எக்செல் மேக்ரோ ஃபைல்களையும் லிபரே ஆஃபீசில் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் ஜெராக்ஸ் கடைக்கு லினக்ஸ் எதற்கு? ஒரே ஒரு காரணம், ஆனால் கனமானது. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ். செருகியதும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, அந்த வைரஸ் அடுத்தவர் பென் டிரைவுக்கும் தாவும் கூத்தைப் பார்க்காத கடைக்காரர் இருக்க மாட்டார். பரிட்சை அப்ளிகேஷன் கொண்டுவந்த பெண்ணின் ஃபைல் காணாமல் போய்விட்டதென்று கண் கலங்கும். ஃபைல் உள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வைரஸ் விண்டோஸுக்கு எழுதியது, லினக்ஸில் அதற்கு வேலையில்லை. ஒளித்த ஃபைலும் சாதாரணமாகக் கண்ணில் படும். ஆக, கடையில் இரண்டு மெஷின் இருந்தால் பழையதில் லினக்ஸ் போட்டு வாசலில் வையுங்கள்: பென் டிரைவ், ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப் எல்லாம் அதில். டேலியும் கோரல்டிராவும் உள்ளே விண்டோஸில். கொள்கைப்படி இது சமரசம், தொழில்படி இதுதான் சரி.

பக்கத்தில் உட்கார ஆள்

இத்தனை வருடத்தில் தமிழ்நாட்டில் லினக்ஸ் வராமல் இல்லை. 2006ஐ ஒட்டி தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் இருந்தபோது அந்த நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2014ல் விண்டோஸ் எக்ஸ்பி ஓய்வு பெற்றபோது அரசுத் துறைகளையும் பாஸுக்கு மாறச் சொன்னார்கள். அவ்வளவும் நடந்த பிறகு, லேப்டாப் வாங்கிய பிள்ளையைக் கேட்டால், “ஆன் பண்றப்ப லிஸ்ட்ல ஒண்ணு வரும்ணே, அதைத் தொட மாட்டோம்” என்று சொல்லும்.

கேரளத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற பெயரில் நடக்கும் திட்டத்தில் அரசுப் பள்ளிகள் முழுக்கச் சுதந்திர மென்பொருள்தான். மலையாளிக்கு மூளை வேறு என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தை அதில் எழுதினார்கள், பரிட்சையையும் அதிலேயே வைத்தார்கள். சந்தேகம் வந்தால் கேட்க டீச்சர் இருந்தார். நமக்கு மெஷின் வந்தது, ஆள் வரவில்லை. ஜெர்மனியில் முனிச் நகராட்சி கூட 2003ல் லினக்ஸ் என்று முடிவெடுத்துப் பல்லாயிரம் கணினிகளை மாற்றிவிட்டு, 2017ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. மென்பொருளின் தரத்தைவிட அதைச் சுற்றியுள்ள மனிதர்கள்தான் இதை நிர்ணயிக்கிறார்கள்.

ஆகவே டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு எட்டும் தூரத்தில் விழுப்புரத்தில் விஜிளக் என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. 2012ல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது. மச்சான் மகன் எந்த லினக்ஸ் வைத்திருக்கிறானோ அதையே போடுவதும் உத்தமம். இரவு ஒன்பது மணிக்கு போன் செய்தால் எடுப்பவன் அவன்தான். மின்ட் எடுங்கள் என்று மேலே நான் சொன்னதுகூட இதற்குக் கீழ்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பரண்களில் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப்புகள் கிடக்கின்றன. காயலான் கடைக்காரரிடம் கிலோ கணக்கில் போடும் முன் ஒன்றை இறக்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு, சார்ஜரை மட்டும் செருகி, லினக்ஸ் எழுதிய பென் டிரைவைப் போட்டுப் பாருங்கள். ஓடினால் தெருவில் பத்தாவது படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது, ‘ஏதாவது மக்கர் பண்ணினா என்னைக் கூப்பிடு, வந்து பார்க்கிறேன்’ என்று உங்கள் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள்.